பன்னிரண்டாவது முக்காலி

கருவேலம்பட்டி வேதக்கோயிலில் பெரிய வியாழனன்று பன்னிரண்டு ஆண்களை வரிசையாக உட்காரவைத்துச் சாமியார் கால் கழுவுகிற சடங்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஊர்க்காரர்கள் அதில் ஒரு வில்லங்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பன்னிரண்டு அப்போஸ்தலர் என்றால் யேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் அதில் ஒருத்தன்தானே? அப்படியானால் அவனுக்கு எந்த முக்காலி? கடைசி முக்காலிதான் என்று யாரோ வாய்க்கு வந்ததைச் சொல்லிவைக்க, ஊர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. முதல் வருஷம் விவரம் தெரியாமல் அதில் உட்கார்ந்த நல்லதம்பியின் உழவுமாடு ஆடியில் செத்துப்போனது. அடுத்த வருஷம் உட்கார்ந்தவருக்குக் கிணறு இடிந்து விழுந்தது. இதெல்லாம் அஞ்ஞானம் என்று சாமியார் பிரசங்கத்தில் வைத்துக் கண்டித்தார். எல்லோரும் கைகட்டிப் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள். வெளியே வந்து புளியமரத்தடியில் நின்று மறுபடியும் அதையேதான் பேசினார்கள்.

மூன்றாம் வருஷம், ஐம்பத்தெட்டில், கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் மரியசூசை பாடு திண்டாட்டமாகப் போயிற்று. பதினோரு பேரை எப்படியோ பிடித்துவிட்டார். பன்னிரண்டாவது ஆள் செவ்வாய்க்கிழமை காலையில் வயிற்றுவலி என்று படுத்துவிட்டான். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக அலைந்த உபதேசியார் உச்சி வெயிலில் தையற்காரர் தைரியநாதன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

தைரியநாதன் வீட்டையொட்டிக் கீற்றுக் கொட்டகை ஒன்று இறக்கியிருந்தான். அதில்தான் கால் மிஷின் கிடந்தது. ஆவூர் வட்டாரத்தில் அப்போது தையல் மிஷின் வைத்திருந்தவர்கள் கொஞ்சம். தபசுக்காலம் வந்துவிட்டால் ஊரே கறி மீனை விட்டு வாயைக் கட்டிக்கொள்ளும். ஆனால் யேசு உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாளுக்குப் புதுத்துணி எடுப்பதை மட்டும் விடாது. சட்டைத்துணி, ரவிக்கைத்துணி, பாவாடைச்சீட்டி என்று கொட்டகை நிறையக் குவிந்துவிடும். இந்துக் குடியானவர்களும் சித்திரைக் கல்யாணங்களுக்கு இங்கேதான் வருவார்கள். காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரைக்கும் மிஷின் சத்தம் தெருவில் கேட்டுக்கொண்டேயிருக்கும்.

"ஏப்பா தைரியம், வேலையா இருக்கியா?"

"வாங்க உபதேசியாரே. ஒக்காருங்க. ஒங்க மருமகன் சட்டைக்கு இன்னும் பொத்தான் காஜா எடுக்கலயே."

"சட்டை கெடக்குதுப்பா. நான் சட்டைக்கா வந்தேன்? ஒரு ஆளு கொறையுது."

"எதுக்கு?"

"கால் கழுவுறதுக்குத்தான். ஆரோக்கியம் வாரேன் வாரேன்னான். இன்னிக்குப் போயிக் கேட்டா வயித்து வலிங்கிறான். மொச்சக்கொட்டைய அவிச்சு முன்னால வச்சு ஒண்ணொண்ணா உரிச்சுத் தின்னுக்கிட்டே சொல்றான்ப்பா வயித்து வலின்னு!"

தைரியநாதனுக்குச் சிரிப்பு வந்தது. "கடைசி முக்காலியாக்கும்?"

"நீயுமாப்பா? நீ டவுனுல தொழில் கத்தவன். ஒனக்குமா மாடு சாகும், கெணறு இடியும்?"

"எனக்கு மாடும் இல்ல, கெணறும் இல்ல. வேலைதான் கெடக்கு. வேற ஆளப் பாருங்களேன்."

"வேற யாரு இருக்கா? எல்லாப் பயலும் ஓடி ஒளியிறான். பெரிய வியாழக்கெழம சாயங்காலம் எவன்ப்பா மிஷின மிதிப்பான்? பாவமில்ல? ஏன் மாட்டேங்கிற, கால்ல எதும் புண்ணுகிண்ணா?"

உபதேசியார் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். தைரியநாதன் மிதிப்பதை நிறுத்தினான். மிஷினுக்கு அடியில் இடது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். சுண்டுவிரலுக்குக் கீழே மாசியிலிருந்து ஆறாத புண் ஒன்று இருந்தது. மல்துணியால் சுற்றி வேட்டியை இறக்கிக் கட்டியிருந்தான்.

"புண்ணா? எனக்கென்ன புண்ணு?" என்றான். பிறகு நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே கேட்டான்: "ரெண்டு காலையுமா கழுவுறாரு?"

"இல்லப்பா, வலது கால் மட்டுந்தான். தண்ணிய ஊத்தி, தொடச்சு, ஒதட்டால ஒரு முத்தி. அம்புட்டுத்தான்."

"சரி, வாரேன்."

உபதேசியார் அவன் தலைக்கு மேல் சிலுவை போட்டுவிட்டு, அவன் மனசு மாறுவதற்குள் போய்விட வேண்டும் என்பதுபோல வேகமாக நடந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் உள்ளங்கால் எரிச்சலாகத்தான் அது தொடங்கியது. சாயங்காலமானால் இரண்டு பாதமும் காந்தும். கொல்லையில் ஈரமண்ணைக் குழைத்து அதில் காலைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பிறகு ஒரு மழைக்காலத்தில் எரிச்சல் குறைந்தது. தேவமாதா புண்ணியத்தில் நோவு விட்டது என்று மெழுகுவர்த்தி கூடக் கொளுத்தினான். விட்டுப்போனது எரிச்சல் மட்டும் இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. செருப்பு காலில் கிடக்கிறதா, வழியில் கழன்றுவிட்டதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். பெடலில் கால் இருப்பது மிதிக்கிற காலுக்குத் தெரியவில்லை. மிஷின் போடுகிற சத்தத்தை வைத்துக்கொண்டு காதால்தான் மிதித்தான். அது கொஞ்சம் தடுமாறினால் கால் நழுவியிருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் விரல் நுனிகளும் மதமதக்கத் தொடங்கின. பொத்தான் பிடிக்கு நிற்காமல் விழுந்து உருளும். நைஸ் துணி, முரட்டுத் துணி என்பதை விரல் சொல்லாது. அவன் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். கன்னம் சொன்னது. துணி கொண்டுவருகிற பெண்கள், "என்னா அண்ணே, சீலையக் கொஞ்சுறீங்க?" என்று கேலி செய்தார்கள். அவனும் சிரித்துக்கொள்வான். வேலை முடிந்ததும் தட்டியைச் சாத்திக்கொண்டு, சவரக் கண்ணாடியை உள்ளங்காலுக்கு நேரே பிடித்து, எங்கே கிழிந்திருக்கிறது, எங்கே குத்தியிருக்கிறது என்று பார்ப்பான். தன் காலில் நடந்ததை அடுத்தவன் காலில் நடந்தது மாதிரி தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இது என்ன நோய் என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை. கீழத்தெரு சவரிமுத்துவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. பீடி விரலைச் சுட்டு, நாற்றம் வந்த பிறகுதான் அவர் பார்த்தார். ஊரார் அவரைக் கண்மாய்க்கு அந்தப் பக்கம் குடிசை போட்டுக் கொடுத்து வைத்தார்கள். பெண்சாதி கஞ்சிக் கலயத்தைப் பாறைமேல் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்று கூப்பிடுவாள். அவர் செத்தபிறகு குடிசையைக் கொளுத்தியதைத் தைரியநாதன் கண்ணால் பார்த்திருந்தான். வைத்தியரிடம் போனால் அவர் வாயால் அந்தப் பேரைச் சொல்லிவிடுவார். சொன்னபிறகு மிஷின் ஏது, வீடு ஏது? அதனால் அவன் போகவில்லை.

பெண்சாதி வியாகுலமேரியிடமும் சொல்லவில்லை. அவளுக்கு ஒட்டிவிடக் கூடாது என்று பாயைக் கொட்டகைக்கு எடுத்துப்போனான். வேலை அதிகம் என்றான். தன் வட்டிலைத் தானே கழுவினான். தன் செம்பைத் தனியாகக் கவிழ்த்து வைத்தான். தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டேயிருந்தான். "இந்த மனுசனுக்கு ஒரு கெணறு தனியா வெட்டணும்" என்று அவள் சொல்வாள். முன்பெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னவள், இப்போது சிரிக்காமல் சொன்னாள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷமாகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் பாயைத் தூக்கிக்கொண்டு போனதற்கு அவள் ஒரு காரணம் நினைத்துவைத்திருந்தாள். அது என்ன என்று அவன் கேட்டதில்லை. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரும் அடுத்த வீட்டுக்காரர்கள் மாதிரி இருந்தார்கள்.

கால் கழுவ அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவள் முகமே மாறிவிட்டது. அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"நெசமாவா? ஒங்களையா? பீடத்துக்கு முன்னாலயா ஒக்காரப் போறீங்க?"

"கடைசி முக்காலிதான் புள்ள."

"எந்த முக்காலியா இருந்தா என்னா? எங்கப்பன் வீட்டுல ஒரு ஆளக் கூப்புட்டதில்ல. அந்த வெள்ளவேட்டியச் சவுக்காரம் போட்டுத் தொவச்சு வைக்கிறேன். சட்டை இருக்கா, ஊருக்கெல்லாம் தச்சுட்டு ஒங்களுக்குக் கந்தலா?"

அன்றைக்கு அவள் பேசின பேச்சு ஒரு வருஷத்துப் பேச்சு. கேழ்வரகுக் களி கிண்டிக் கருவாட்டுக்குப் பதிலாகத் தட்டாம்பயற்றுக் குழம்பு வைத்திருந்தாள். அவன் சாப்பிட்டுக் கைகழுவினதும், வெந்நீரும் பீர்க்கங்கூடும் கொண்டுவந்து அவன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"காலைக் காட்டுங்க. குதிகாலெல்லாம் வெடிச்சுக் கெடக்கும். சாமி முத்தி பண்ற காலு. நான் தேச்சு விடுறேன்."

அவள் கை இடது பக்கம்தான் நீண்டது. அவன் பதறி எழுந்தான். உட்கார்ந்திருந்த முக்காலி சரிந்து விழுந்தது.

"தொடாத! அங்கிட்டுப் போ!"

இந்த மாதிரி அவன் கத்தி அவள் கேட்டதில்லை. அவள் பீர்க்கங்கூட்டைத் தரையில் வைத்தாள்.

"நான் தொட்டா என்னாங்க, தீட்டா?" என்றாள். "சரி. தொடல."

வெந்நீரை வாசலில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள். அவளைக் கூப்பிடலாம்தான். என்ன சொல்லிக் கூப்பிடுவது? இரண்டு வருஷத்தில் அன்றுதான் அவன் உட்கார்ந்து அழுதான். அழுகிற சத்தம் உள்ளே கேட்கக் கூடாது என்று மிஷினை வெறுமனே ஓட்டினான்.

வியாழக்கிழமை மத்தியானம் வலது காலைத் தேங்காய் நாரால் அவனே தேய்த்துக் கழுவினான். கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தான். கால் சுத்தமாக இருந்தது. இடது காலுக்குப் புதுத்துணி சுற்றினான். பூசைக்கு உதவுகிற பையன்களின் சிவப்பு அங்கிகளுக்குக் கீழ்விளிம்பு மட்டும் மடித்துத் தைக்க வேண்டியிருந்தது. குண்டூசி குத்திக் குத்தி மடித்து, தைத்துக்கொண்டே ஊசிகளைப் பிடுங்கி டப்பாவில் போட்டான். விரலில் நில்லாமல் ஒன்றிரண்டு தரையில் விழும். அதெல்லாம் எப்போதும் நடப்பதுதான். கோயில் மணி அடித்ததும் அவசரமாக எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, அங்கிகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். பங்குனி வெயிலில் செம்மண் தகித்துக்கொண்டிருந்தது.

கோயிலுக்குள் ஆண்கள் வலப்பக்கமும் பெண்கள் இடப்பக்கமும் நிறைந்து வழிந்தார்கள். பன்னிரண்டு முக்காலிகளும் பீடத்துக்கு முன்னால் வளைவாகப் போட்டிருந்தன. அவன் கடைசியில் உட்கார்ந்து இடது காலை வேட்டிக்குள் ஒளித்துக்கொண்டான். பெண்கள் பக்கம் முன்வரிசையில் வியாகுலமேரி முக்காடு போட்டு மண்டியிட்டிருந்தாள். கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, அவனைப் பார்த்து முகம் மலர்ந்திருந்தாள்.

சாமியார் மேலங்கியைக் கழற்றிவிட்டு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு முதல் ஆளிடம் குனிந்தார். உபதேசியார் தாம்பாளம் பிடித்தார். எல்லாம் உழவன் கால்கள். வெடிப்பும் காய்ப்புமாக, எத்தனை தேய்த்தாலும் செம்மண் போகாத கால்கள். முதல் ஆளுக்குக் கூச்சம் தாங்காமல் உடம்பு நெளிந்தது. பின்னால் பொடிசுகள் சிரித்தன. தைரியநாதன் ஒவ்வொருவர் முகத்தையும் கவனித்துக்கொண்டு வந்தான். தண்ணீர் பட்டதும் கட்டைவிரல் மேலே தூக்குகிறது. துடைக்கும்போது கண் கொஞ்சம் சுருங்குகிறது. முத்தி பண்ணும்போது தலை தானாகக் குனிகிறது. தன் முறை வரும்போது அப்படியே செய்ய வேண்டும் என்று மனசுக்குள் பாடம் பண்ணிக்கொண்டான்.

சாமியார் அவன் முன்னால் மண்டியிட்டார். குதிகாலைக் கையில் தாங்கினார். செம்பிலிருந்து தண்ணீர் விழுவதைப் பார்த்ததும் தைரியநாதன் கட்டைவிரலைத் தூக்கினான். சின்னதாகச் சிரித்தும் வைத்தான். சரியாகச் செய்துவிட்டோம் என்றுதான் நினைத்தான்.

ஆனால் சாமியார் துண்டை எடுக்கவில்லை. தாம்பாளத்துத் தண்ணீரில் சிவப்பு இழையிழையாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து பாதத்தின் அடியைப் பார்த்தார். நகத்தால் எதையோ நெம்பி, இரண்டு விரலால் பிடித்து, மெதுவாக இழுத்தார். முழு நீளக் குண்டூசி ஒன்று வெளியே வந்தது. தலை வரைக்கும் இறங்கியிருந்தது. அதன்மேல் மிதித்துத்தான் அவன் வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் நடந்து வந்திருக்கிறான்.

ஊசியை இழுக்கும்போதும் தைரியநாதன் அந்தச் சிரிப்போடுதான் உட்கார்ந்திருந்தான். சாமியார் கையில் ஊசியைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு விஷயம் தெரிந்தது. அடுத்த முக்காலிக்காரர், "அடி மாதாவே!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

"வலிக்கலயா?" என்று சாமியார் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வலிக்குது சாமி" என்றான். காலம் கடந்த பதில் அது. முகத்தைச் சுளிக்கவும் மறந்துவிட்டான்.

சாமியார் ஊசியைத் தாம்பாள விளிம்பில் வைத்தார். காலை ஒற்றித் துடைத்தார். ஒரு கணம் அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்து பாதத்தில் முத்தி பண்ணினார். மற்றவர்களுக்குச் செய்ததைவிட நிதானமாகவே செய்தார். ஆனால் ஊர் பார்த்தது முத்தியை இல்லை, ஊசியை. பூசை முடிந்து வெளியே வந்தபோது அவனுக்கு முன்னால் கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. அவனுக்கு அந்த மரியாதையின் அர்த்தம் தெரியும். சவரிமுத்துவுக்கும் இப்படித்தான் வழி விட்டார்கள்.

மறுநாள் பெரிய வெள்ளி. ஊரே வாய் பேசாத நாள். ஆகவே வீட்டிலும் பேச்சில்லை. சனிக்கிழமை விடிந்ததும் துணி கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தரும் கொட்டகைக்குள் வரவில்லை. பக்கத்து ஊர் ஆவுடையப்பன் பெண்சாதி அமராவதி வேலிக்கு வெளியே நின்றாள்.

"அண்ணே, எங்க ரவிக்கத்துணி இன்னும் வெட்டலல்ல?"

"வெட்டலம்மா. நாளன்னிக்குக் குடுத்துர்றேன்."

"இல்லண்ணே, அவசரமில்ல. அதக் குடுத்துருங்க. கீரனூர்ல தையக்கூலி கொஞ்சம் கம்மியாம்ல. அங்கனயே, அந்தக் கல்லு மேல வச்சிருங்க, நான் எடுத்துக்கிறேன்."

அவள் நல்லவள். பொய் சொல்லத் தெரியாமல் அவள் முகம் கறுத்துப்போயிருந்தது. அவன் கல்லின்மேல் துணியை வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். வெட்டாத துணிகள் இப்படிப் போய்விட்டன. தைத்து முடித்தவற்றைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. உபதேசியார் மருமகன் சட்டை காஜா எடுத்துக் கொடியில் தொங்கியது. உபதேசியாரே ஒரு தடவை தெருவோடு வந்தார். "அது கெடக்கட்டும்ப்பா" என்று நடையை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போனார். காரணம் கேட்டு அவர்களோடு சண்டை போடவும் அவனுக்கு வழியில்லை. அவனே அப்படித்தானே நம்பிக்கொண்டிருந்தான்!

அமராவதி போன கொஞ்ச நேரத்தில் வியாகுலமேரி கொட்டகைக்குள் வந்தாள். இரண்டு வருஷத்தில் அவன் கூப்பிடாமல் அவள் அதற்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

"எத்தன நாளா?"

அவன் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒங்களத்தான் கேக்குறேன். எத்தன நாளாக் கால் செத்துப்போயிக் கெடக்கு?"

"ரெண்டு வருசமா."

"கை?"

"கையும் கொஞ்சம்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "ரெண்டு வருசம். பாயத் தூக்கிக்கிட்டு வந்தது இதுக்கா? வட்டிலத் தனியாக் கழுவுனது இதுக்கா?"

"ஒனக்கு ஒட்டிக்கிடக் கூடாதுன்னுதான் புள்ள."

"நான் என்னா நெனச்சேன்னு தெரியுமா ஒங்களுக்கு? மலடின்னு வெறுத்துப்போயி ஒதுக்கிட்டீகன்னு நெனச்சேன். அந்த மனுசன் வேற யாரையும் சேத்துக்காம இருக்காரே, அதுவே பெருசுன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். ஒவ்வொரு நாளும் படுக்கயில அதத்தான் நெனப்பேன்."

"ஏ புள்ள, நான் அப்படி..."

"ஒட்டுனா ஒட்டிட்டுப் போவுது! ஒட்டட்டுமா வேணாமான்னு என்னையக் கேட்டீகளா? ஒரு வார்த்த கேட்டீகளா?"

நியாயமாகவே அவன் அவளைக் கேட்டிருக்க வேண்டும். நல்லது செய்கிறோம் என்று நினைத்து, அவள் தலையில் இத்தனை பெரிய கல்லைத் தூக்கி வைத்திருக்கிறான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கவிழ்த்து வைத்திருந்த அவன் வட்டிலையும் செம்பையும் எடுத்துக்கொண்டுபோய் அடுப்படியில் தன்னுடையதோடு சேர்த்து வைத்தாள்.

"பாஸ்கு கழியட்டும். திங்கக்கெழம பஸ் ஏறுறோம். டாக்டரு என்னா சொன்னாலும் ரெண்டு பேருமாக் கேட்டுக்கிருவோம்" என்றாள்.

புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர் ஒருத்தர் இருந்தார். தைரியநாதனின் சட்டையைக் கழற்றச்சொல்லி முதுகு, புட்டம், காது மடல் எல்லாம் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். முழங்கைக்குப் பின்னால் நரம்பைத் தடவினார். கண்ணை மூடச்சொல்லிப் பஞ்சாலும் ஊசியாலும் மாற்றி மாற்றித் தொட்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார். காலில் முழங்கால் வரைக்கும், கையில் மணிக்கட்டு வரைக்கும் தெரியவில்லை. பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"ஏய்யா, நீங்க ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொய்க்குதா?"

அவன் வெட்கப்பட்டு யோசிப்பதற்குள் வியாகுலமேரி முந்திக்கொண்டாள். "ஆமாங்கய்யா! வேலியோரம் பூரா எறும்புதான். மலேரியாக்காரக விட்டுட்டுப்போன பொடியக் கூடத் தூவிப் பாத்தேன், போவல."

டாக்டர் சிரித்தார். அவன் கொடுத்த நீரை நீல மருந்தோடு கண்ணாடிக் குழாயில் கலந்து, விளக்கில் காட்டிக் கொதிக்கவைத்தார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது.

"சர்க்கரை வியாதி. ரொம்ப நாளா இருக்கு. அதுதான் நரம்பத் தின்னுருக்கு."

"அப்ப... அது இல்லீங்களா?" தைரியநாதனுக்கு அந்தப் பேரைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"எது? பெருவியாதியா, குஷ்டமா? அது இல்லய்யா. இது யாருக்கும் ஒட்டாது. தாராளமா வீட்டுல கலந்து பொழங்கலாம்."

வியாகுலமேரி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். தைரியநாதன் எழுந்து நின்று டாக்டரைக் கும்பிட்டான். எத்தனை தடவை கும்பிட்டான் என்று அவனுக்கே தெரியாது. டாக்டர் அவனை உட்காரவைத்து மற்றதையும் சொன்னார். இடது கால் புண்ணுக்குத் தினமும் மருந்து வைத்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும். ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நெல்லுச்சோறும் கருப்பட்டியும் ஆகாது. வீட்டுக்குள்ளேயும் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது.

"மருந்து போட்டா மறுபடி உணர்ச்சி வந்துருமாய்யா?" என்று வியாகுலமேரி கேட்டாள்.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "இருக்கிறதக் காப்பாத்திக்கலாம்மா. போன நரம்பு திரும்பறது கஷ்டம்."

தைரியநாதன் அதைக் காதில் வாங்கினானோ என்னவோ. 'அது இல்லய்யா' என்பதிலேயே அவன் நின்றுகொண்டிருந்தான்.

சாயங்காலம் மாத்தூரில் இறங்குவதற்குத் திருச்சி பஸ்ஸில் ஏறினார்கள். கருவேலம்பட்டிக்காரர்கள் நாலைந்து பேர் சந்தைக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். கடைசி நீளச் சீட்டில் உட்கார்ந்திருந்த கண்ணாத்தாள் இவர்களைப் பார்த்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றுகொண்டாள். அவள் கூட இருந்தவர்களும் எழுந்து போனார்கள். அத்தனை நெருக்கடியான பஸ்ஸில் இவர்களுக்கு மட்டும் சீட்டு தாராளமாகக் கிடைத்தது. தைரியநாதனுக்கு இன்று அது உறைக்கவில்லை. ஊரைக் கூட்டி, இது சர்க்கரை வியாதிதான் என்று சாமியாரைவிட்டே சொல்லவைக்கலாம். நம்புகிறவன் நம்பட்டும், மற்றவன் கீரனூர் போகட்டும்.

பஸ் கிளம்பினதும் வியாகுலமேரி முந்தானைக்கு அடியில் அவன் கையைப் பிடித்தாள். அவள் கை வந்து தன் கைமேல் படுவதை அவன் பார்த்தான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு. அழுதுவிடுவோமோ என்று முகத்தைத் திருப்பி வெளியே பார்த்துக்கொண்டான். திருக்கோகர்ணத்துக் கோபுரம் போயிற்று. ஓரிடத்தில் பஸ் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. கண்டக்டர் வந்து டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். வெளியே தண்ணீரில்லாத கண்மாய்களும் பனைமரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. தைரியநாதன் ஜன்னலைப் பார்த்தபடியே பேசிக்கொண்டு வந்தான்.

"பாய உள்ள எடுத்துப் போட்டுறலாம் புள்ள. கொட்டகையில கொசு தாங்கல. நீயும் கொஞ்சம் காஜா எடுக்கப் பழகிக்க. ஊசி வேலைய நீ பாத்துக்க, மிஷின நான் பாத்துக்கிறேன். அந்த முக்காலியில ஒக்காந்ததுதான் நல்லதாப் போச்சு. இல்லாட்டி இன்னும் எத்தன நாளைக்கு இப்புடியே கெடந்திருப்பனோ."

அவள் உம் கொட்டிக்கொண்டு வந்தாள். அவனுக்குச் சந்தோஷம் தாளவில்லை. நாற்பத்திரண்டு வயசில் புது மாப்பிள்ளைக்கு வருகிற வெட்கம் வந்தது.

"ஏ புள்ள" என்றான், குரலைத் தாழ்த்தி. "முன்னால கண்ணாத்தா திரும்பித் திரும்பிப் பாக்குது. எம்புட்டு நேரந்தான் கையப் புடிச்சுக்கிட்டே வருவ? விட்டுரு, போதும்."

அவன் திரும்பிப் பார்த்தான்.

வியாகுலமேரியின் இரண்டு கையும் அவள் மடியில் இருந்தன. ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து பாட்டில் உருண்டுவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்டக்டருக்குச் சில்லறை எடுக்கும்போதே கையை எடுத்துவிட்டிருந்தாள். அவன் கை வெறும் சீட்டின்மேல் மல்லாக்கக் கிடந்தது.

அவளும் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கைகழுவிக்கொண்டே சொன்னது இப்போதுதான் அவனுக்கு முழுசாக எட்டியது.

வியாகுலமேரி பாட்டிலை எடுத்துத் துணிமூட்டைக்குள் செருகினாள். முந்தானையை ஒதுக்கினாள். அவன் கையைத் தூக்கி, முன்சீட்டின் கம்பிமேல், அவன் கண்ணுக்கு நேரே வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து விரல்களைக் கோத்துக்கொண்டாள். கண்ணாத்தாள் பார்த்தாள். பஸ்ஸில் இருந்த கருவேலம்பட்டிக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"இப்பப் பாத்துக்கிட்டே வாங்க" என்றாள்.

மாத்தூர் வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை. அவன் கண்ணை எடுக்கவில்லை.